விறகு தின்ற ரயில்கள்

சிங்கப்பூரில் காட்டு ரயில் ஓடியதில்லை. மரம் வெட்டி இறக்குவதற்கென்றே தண்டவாளம் போட்டுச் சின்ன நீராவி இஞ்சின்களை ஓட்டும் வழக்கம் அமெரிக்காவிலும் ஜாவாவிலும் தைவானிலும் கொச்சி சமஸ்தானத்திலும் இருந்தது. இந்தத் தீவில் இல்லை. ரயில் வந்தபோது இங்கே வெட்டுவதற்குக் காடு மிச்சமில்லை என்பதுதான் காரணம். டேங்க் ரோடு நிலையத்திலிருந்து புக்கிட் தீமா வரை முதல் ரயில் ஓடியது 1903 ஜனவரி 1ஆம் தேதி. அதே ஆண்டு ஏப்ரலில் பாதை உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அதற்கு இருபது ஆண்டு முன்பே, தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நதானியல் கான்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதினார். அப்போது சிங்கப்பூரின் ஆதிக்காடு தீவின் பரப்பில் சுமார் 7 சதவிகிதமாகச் சுருங்கியிருந்தது.

அழித்தது கம்பீர். தோல் பதனிடவும் சாயத்துக்கும் பயன்பட்ட இந்தச் செடியின் இலையைப் பெரிய வாணலிகளில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்துச் சாறு இறக்க வேண்டும். தோட்டம் போடவும் காடு வெட்டினார்கள். இலை வேகவைக்கும் விறகுக்கும் பக்கத்துக் காட்டையே வெட்டினார்கள். பதினைந்து இருபது ஆண்டில் மண் செத்துப்போகும். லாலாங் புல்லை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனத் தோட்டக்காரர்கள் நீரிணையைக் கடந்து ஜொகூருக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே, ஏற்றிச் சென்ற சரக்கைப் பார்த்து மட்டும் ரயிலுக்குப் பெயர் வைத்தால் சிங்கப்பூருக்கு இந்தக் கதையில் இடமில்லை. அப்படிப் பெயர் வைப்பது போதாது என்பது என் எண்ணம். இஞ்சின் எதை எரித்தது, தண்டவாளம் எதன்மேல் கிடந்தது, அவற்றை வெட்டிக் கொடுத்த கை யாருடையது என்றும் கேட்க வேண்டும். கேட்டால், டேங்க் ரோட்டில் தொடங்கி மலாயா முழுவதும் படர்ந்த ரயிலே ஒரு காட்டு ரயிலாகத் தெரிகிறது. அதன் மிகக் கொடிய கிளை 1943இல் சயாமின், அதாவது தாய்லாந்தின், காட்டுக்குள் போனது. அங்கே மரம் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். போர்க்கதையாகவே சொல்லப்பட்டுவரும் அந்தப் பாதையைக் காட்டு ரயிலின் வரலாற்றுக்குள் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரத்தண்டவாளம்

ஜொகூரில் நீராவி முதலில் மரத்தை அறுக்க வந்தது, இழுக்க அல்ல. ஜேம்ஸ் மெல்ட்ரம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய ஜொகூர் நீராவி மர ஆலை 1860களில் இந்த வட்டாரத்தின் பெரிய ஆலைகளில் ஒன்று. ஜொகூர் பாருவில் இன்றும் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஆலைக்கு மரம் வேண்டும்; நல்ல மரம் உள்நாட்டில் நின்றது. மகாராஜா அபு பக்கார் 1869இல் ஒரு துணிச்சலான வேலையைத் தொடங்கினார். ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில்பாதை, அதுவும் மரத்தாலான தண்டவாளத்தின்மேல்.

இன்று கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். அன்று அப்படி இல்லை. இரும்பு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். வைரம் பாய்ந்த மரமோ காலடியில் நின்றது. உலகின் வேறு மூலைகளிலும் இதே கணக்கைப் போட்டார்கள். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் நகரிலிருந்து 1864இல் மரத்தண்டவாளத்தில் இஞ்சினே ஓட்டிப்பார்த்தார்கள். மழை பெய்ததும் ஈர மரத்தில் சக்கரம் வழுக்கியது. ரயில் நின்ற இடத்தில் சுழன்றது. ஜொகூரில் முடிவு கட்டியது கரையான். சுமார் பத்து மைல் போட்ட பாதையைப் பூச்சி தின்றது, பணமும் தீர்ந்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஆறுகளும் சதுப்பும் நிறைந்த தெற்கு மலாயாவில் ரயில்பாதை போட நினைத்த முதல் முயற்சி இதுதான். பிறகு ஜொகூர் பாருவிலிருந்து கெமாஸ் வரை இரும்புப் பாதை முழுமையாக ஓட 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து நமக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. மலாயாக் காட்டின் மரம் எளிதில் வெளியே வராது. பர்மாவில் தேக்கை வெட்டி உலர்த்தி ஆற்றில் விட்டால் மிதந்தே ரங்கூனுக்குப் போய்ச் சேரும். இங்கே செங்கால், பாலாவ் போன்ற கனமரங்கள் தண்ணீரில் மூழ்கிவிடும். தேவையான மரமும் ஓரிடத்தில் கூட்டமாக நிற்காது. ஏக்கருக்கு ஒன்றிரண்டு என்று சிதறி நிற்கும். ஒரு மரத்துக்காக ஒரு பாதை போட முடியுமா? அதனால்தான் மலாயாவிலும் எதிர்ப்புறத்து ரியாவ் தீவுகளிலும் மனிதத் தோளே இழுவை இயந்திரமாக இருந்தது. உருட்டு மரங்களை ஏணிபோல் பரப்பி, எண்ணெய் தடவி, சறுக்குச் சட்டத்தில் கட்டையைக் கட்டி ஆட்கள் இழுப்பார்கள். ‘கூடா கூடா’ என்று அதற்குப் பெயர். ரியாவில் ‘பங்லோங்’ எனப்பட்ட சீன மரக்கிடங்குகளில் கடன் வலையில் மாட்டிய கூலிகள் மரச்சட்டப் பாதைகளில் பாரம் தள்ளினார்கள். அவர்கள் வெட்டிய பலகையும் விறகும் கரியும் தொங்காங் படகுகளில் சிங்கப்பூருக்கு வந்தன. பீச் ரோட்டிலும் காலாங்கிலும் ஆலைகள் அறுத்தன. தஞ்சோங் ரூ கரையில் 1980கள் வரைகூடக் கரி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சிங்கப்பூர்க் கடைவீடுகளின் கூரையிலும் அடுப்பிலும் இருந்தது அடுத்தவர் காடு.

சரிவில் ஏறும் இஞ்சின்

மனிதத் தோளுக்குப் பதிலாக நீராவியை நம்பிய நாடுகள் இருந்தன. அவற்றின் இஞ்சின்கள் சாதாரண ரயில் இஞ்சின்களைப் போல இருக்கவில்லை. வழக்கமான இஞ்சினில் பிஸ்டனின் ஓட்டம் நீண்ட தண்டுகள் வழியே நேரடியாகப் பெரிய சக்கரங்களுக்குப் போகும். சமதளத்தில், சீரான பாதையில் வேகமாக ஓட அது ஏற்றது. காட்டுப் பாதை அப்படி இருக்காது. இன்று போட்டு, மரம் தீர்ந்ததும் பிடுங்கி வேறிடத்தில் போடுகிற பாதை அது. கோணல் மாணலாக, செங்குத்தாக, மெத்தென்ற மண்மேல் கிடக்கும். விறைத்த உடலுள்ள இஞ்சின் அங்கே முதல் வளைவிலேயே தடம் புரளும்.

மிச்சிகன் மாநிலத்தில் மரத்தொழில் செய்துவந்த எஃப்ரெய்ம் ஷே தன் சொந்தத் தேவைக்கு ஓர் இஞ்சினை வடிவமைத்து 1881இல் காப்புரிமை பெற்றார். அவருடைய உருளைகள் படுக்கவில்லை, நின்றன. எல்லாம் இஞ்சினின் வலப்பக்கத்தில் வரிசையாக. அவை ஒரு நீண்ட அச்சுத்தண்டைச் சுழற்றும். மூட்டுகள் வைத்து வளையக்கூடியதாகச் செய்த அந்தத் தண்டு, பல்சக்கரங்கள் மூலம் இஞ்சினின் ஒவ்வொரு சக்கரத்தையும் திருப்பும். வலப்பக்கப் பாரத்தைச் சமன் செய்யப் பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் இஞ்சின் ஒருபக்கமாக ஒதுங்கி நிற்பதுபோல் தெரியும். வேகம் கிடையாது, மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் விரைவு என்று சொல்லலாம். ஆனால் எல்லாச் சக்கரமும் பிடித்து இழுப்பதால் சாதாரண இஞ்சின் ஏறாத சரிவில் ஏறும். லைமா தொழிற்சாலை 1945 வரை 2,700க்கும் மேற்பட்ட ஷே இஞ்சின்களைக் கட்டியது. க்ளைமாக்ஸ், ஹைஸ்லர் என்று போட்டி வகைகளும் வந்தன, அடிப்படை ஒன்றேதான்.

இவற்றில் சில ஆசியாவுக்கும் வந்தன. பிலிப்பீன்ஸின் நீக்ரோஸ் தீவில் இன்சுலர் லம்பர் கம்பெனி ஷே இஞ்சின்களை வைத்து மலைக்காட்டை இறக்கியது. தைவானில் ஜப்பானிய அரசு சைப்ரஸ் மரத்துக்காக ஜியாயி சமவெளியிலிருந்து அலிஷான் மலைக்கு 762 மில்லிமீட்டர் அகலப் பாதை போட்டு 1912இல் திறந்தது. கடல்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி 2,000 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தப் பாதை ஒரு குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி, பிறகு முன்னும் பின்னுமாக நெளிந்து போகிறது. சிங்கப்பூரிலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் ஜாவாவின் செப்பூ தேக்குக்காட்டு ரயில் இருக்கிறது. ஜெர்மனியில் கட்டிய அதன் இஞ்சின்கள் தேக்குக் கழிவையே எரித்து ஓடின. தான் சுமக்கும் மரத்தையே தின்று சுமக்கும் இஞ்சின் என்பதுதான் காட்டு ரயிலின் பொருளாதாரத்தின் உயிர்நாடி. நிலக்கரி வாங்க வேண்டாம். விற்க முடியாத கொம்பும் சீவலும் எரிபொருள்.

நம் பக்கத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கொச்சி அரசின் வனத் தண்டவாளம். பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போகிறவர்கள் அந்தக் காட்டில் நின்றிருப்பார்கள். அதன் ரயிலைப் பற்றி அறிந்தவர் குறைவு. 1902இல் சொரனூர்–எர்ணாகுளம் ரயில்பாதையைத் திறந்த ராஜா ராமவர்மா, அதற்குச் சரக்கும் வருமானமும் தேடினார். மலைக்கு அப்பால் பரம்பிக்குளத்தில் தேக்கு நின்றது, இறக்க வழியில்லை. வனப் பாதுகாவலர் வி. ஆழ்வார் செட்டி முன்வைத்த திட்டத்தின்படி, சாலக்குடி ரயில் நிலையத்திலிருந்து காட்டுக்குள் சுமார் 80 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை போடப்பட்டது. 1907இல் மரம் இறங்கத் தொடங்கியது.

அங்கே ஷே இல்லை. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் நிறுவனத்தின் சாதாரண இஞ்சின்கள்தான். மலைச்சரிவுக்கு வேறு தந்திரம் செய்தார்கள். செங்குத்தான இடங்களில் இஞ்சினைக் கழற்றிவிட்டு, சரிவின் உச்சியில் உருளையில் கம்பிக்கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டிகளையும் மறுமுனையில் காலி வண்டிகளையும் கட்டுவார்கள். பாரவண்டி கீழே இறங்கும்; அதன் எடையே காலி வண்டியை மேலே இழுக்கும். பிரேக் பிடிக்கிற ஆளின் கைதான் இரண்டுக்கும் நடுவில். கிணற்றில் இரண்டு வாளி போட்டு இறைக்கும் கணக்கு. கீழே சமதளம் வந்ததும் அடுத்த இஞ்சின் காத்திருக்கும். இப்படி இஞ்சின், சரிவு, இஞ்சின் என்று கைமாறிக் கைமாறித் தேக்கு சாலக்குடி வந்து, கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. 1963 வரை இந்த ஏற்பாடு உயிரோடு இருந்தது. எனக்கு இதில் பிடித்தது அதன் அடக்கம். மலையை வெல்ல வேண்டும் என்று அடம்பிடிக்காமல், மலை இழுக்கிற இழுப்பையே வேலைக்கு எடுத்துக்கொண்ட பொறியியல் அது. ஆனால் காட்டுக்கு அதனால் என்ன லாபம்? தண்டவாளம் போன இடமெல்லாம் தேக்கு குறைந்தது. அதன் இடத்தில் தோட்டத் தேக்கு நடப்பட்டது. முதுமரங்களில் இன்று கன்னிமாரா தேக்கு போன்ற ஒன்றிரண்டைத் தனியே காட்டிப் பெயர் சொல்கிறார்கள்.

பக்காவ் விறகு

மலாயாவுக்குத் திரும்புவோம். இந்நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, எட்டு மைல். சுமந்தது ஈயம். கட்டியவர்கள் இலங்கையிலிருந்து அழைத்துவரப்பட்ட பயனியர் படையின் இரண்டு பிரிவினர். மலாயாவின் முதல் தண்டவாளத்தைப் போட்ட கைகளில் தமிழ்க் கைகள் இருந்தன என்பது நம் பள்ளிப் பாடங்களில் பெரிதாகச் சொல்லப்படாத செய்தி.

போர்ட் வெல்டு இன்று கோலா செபெத்தாங். ஊரைச் சுற்றி அலையாத்திக் காடு. மத்தாங் வனக்காப்பகம், நாற்பதாயிரம் ஹெக்டேர். பக்காவ் மரம் அங்கே அடர்ந்து வளர்கிறது. நம் ஊரில் கண்டல், சுரபுன்னை என்கிற குடும்பத்து மரம்தான். கனமானது, நின்று எரியும், சூடு அதிகம். மலாயாவில் நல்ல நிலக்கரி இல்லாத காலத்தில் ரயில் இலாகாவின் கண் இதன்மேல் விழுந்தது. கூட்டரசு மலாய் மாநில ரயில்வேயின் இஞ்சின்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருமளவு பக்காவ் விறகில் ஓடின. 1915இல் பத்து ஆராங் சுரங்கம் திறந்து மலாயா நிலக்கரி கிடைக்கத் தொடங்கிய பிறகே விறகின் இடம் மெல்லக் குறைந்தது. மத்தாங் காட்டை முறைப்படி பிரித்து, வெட்டி, மறுபடி நட்டு, சுழற்சியாகப் பராமரிக்கும் திட்டம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தொடங்கியதற்கு விறகுத் தேவை ஒரு முக்கியக் காரணம். உலகில் நெடுங்காலம் நன்றாகப் பேணப்பட்ட அலையாத்திக் காடு என்று இன்று மத்தாங் புகழப்படுகிறது. அந்தப் பேணுதலின் பின்னால் இஞ்சினின் பசி நின்றது.

விறகு இஞ்சின் ஓட்டுவது நிலக்கரி இஞ்சின் ஓட்டுவதைவிடக் கடினம். எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த விறகு தருகிற சூடு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி. இடத்தையோ இன்னும் அதிகம் அடைக்கும். அதனால் இஞ்சின் அடிக்கடி நிற்க வேண்டும். நிற்குமிடமெல்லாம் பாதையோரம் விறகு அடுக்கியிருக்க வேண்டும். அதை அடுக்க ஒரு கூட்டம் வேண்டும். ஃபயர்மேன் மண்வாரியால் அள்ளிப்போட முடியாது. கட்டையாக எடுத்து எரிபெட்டிக்குள் வீச வேண்டும். புகைபோக்கியில் வலை வைத்தாலும் தீப்பொறி பறக்கும். ஈரவிறகு வந்துவிட்டால் நீராவி இறங்கிவிடும். ஏற்றத்தில் ரயில் மூச்சுவாங்கி நிற்கும்.

எரிபொருளோடு முடியவில்லை. தண்டவாளத்தின் அடியில் கிடந்ததும் காடுதான். ஒரு மைல் பாதைக்கு இரண்டாயிரம் சிலிப்பர்க் கட்டைக்குக் குறையாது. வெயிலிலும் மழையிலும் கரையானிலும் தாங்கி நிற்கச் செங்கால் போன்ற வைரமரம் வேண்டும். அதுவும் சில ஆண்டுகளில் உளுத்துவிடும், மாற்ற வேண்டும். அந்தக் கட்டையைத் தூக்கி, சரளைக்கல் தள்ளி, ஆணி அடித்து, மட்டம் பார்த்த ‘கேங்’ வேலையில் தமிழர்களே பெரும்பான்மை. சிங்கப்பூரில் அவர்களின் தடயம் இன்றும் கோயிலாக இருக்கிறது. குவீன்ஸ்வேயில் தண்டவாளத்தருகே ரயில்வேத் தொழிலாளர்கள் 1932இல் வைத்து வணங்கிய முனீஸ்வரர்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன். அதே 1932இல்தான் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தது. டேங்க் ரோடு மூடப்பட்டது. டேங்க் ரோட்டில் ரயில் நிலையம் இருந்த காலத்தில் தண்டாயுதபாணி கோயிலும் அதன் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தெருவில் நகரத்தாரின் முருகன், பாதையோரத்தில் கூலியாட்களின் முனியாண்டி. சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகத்தின் இரண்டு அடுக்குகளை ஒரே ரயில்பாதை தொட்டுச்சென்றது.

சயாம் பாதை

1942இல் ஜப்பானியர் பர்மாவில் இருந்த தங்கள் படைக்குத் தரைவழி சரக்கு அனுப்ப, தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட முடிவெடுத்தார்கள். குவாய் நோய் பள்ளத்தாக்கு அப்போது முழுக் காடு. மூங்கிலும் தேக்கும் செங்குத்துப் பாறையும். 1943 அக்டோபர் 17 அன்று இரு பக்கத்துத் தண்டவாளமும் கொன்கொய்த்தாவில் சந்தித்தன. 25ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், 21ஆம் தேதி, சிங்கப்பூரின் கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த நாளை நம் குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. அதே வாரத்தில் காட்டுக்குள் முடிந்த வேலையைப் பல குடும்பங்கள் பேசாமலே விட்டுவிட்டன.

இதை ஏன் காட்டு ரயில் என்கிறேன்? பொருட்களைப் பாருங்கள். தண்டவாள இரும்பு புதிதாக வரவில்லை. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையையும் தம்பின்–மலாக்கா கிளையையும் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். மற்றதெல்லாம் பாதையோரக் காட்டிலிருந்து. அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். திரைப்படத்தால் புகழ்பெற்ற ஆற்றுப்பாலத்தில் இரும்பு உண்டு, ஏனையவற்றில் மிகப் பெரும்பாலானவை வெட்டிய ஈரம் காயாத மரத்தால் நிறுத்தியவை. வம்போவில் பாறைச்சுவரை ஒட்டி ஆற்றின்மேல் நிற்கும் நீண்ட மரப்பாலம் அந்த முறைக்கு இன்றும் சாட்சி. சிலிப்பர்க் கட்டை அந்தந்த இடத்தில் அறுத்தது. கட்டையை இழுக்க யானை. யானை போதாதபோது மனிதர். கட்டி முடித்த பிறகு ஓடிய இஞ்சின்கள் எரித்ததும் விறகு.

அந்த இஞ்சின்கள் ஜப்பானின் சி56 வகை. 1935க்கும் 1939க்கும் இடையில் கட்டப்பட்டவை. கிராமப்புறக் கிளைப்பாதைகளுக்கான இலேசான வண்டி. பின்னோக்கி ஓடும்போது ஓட்டுநருக்குப் பாதை தெரிய, நிலக்கரித் தொட்டியின் பக்கங்களைச் சரித்துக் குறுக்கியிருப்பார்கள். இலேசானது என்பதாலேயே மெல்லிய தண்டவாளத்துக்கும் ஆட்டம்காணும் மரப்பாலத்துக்கும் பொருந்தியது. முதல் 90 இஞ்சின்களைச் சக்கர இடைவெளி 1,067 மில்லிமீட்டரிலிருந்து 1,000 மில்லிமீட்டராகக் குறைத்துத் தெற்கே அனுப்பினார்கள். நிலக்கரிக்காகக் கட்டிய எரிபெட்டியில் சயாமின் காடு எரிந்தது. விறகு இஞ்சினுக்குப் பாதை நெடுக ஆள் வேண்டும் என்று முன்பே சொன்னேன். அதனால் பாதை திறந்த பிறகும் கூலிகள் வீடு திரும்பவில்லை. வெட்டவும் பிளக்கவும் அடுக்கவும், மழையில் சரிந்த கரையைத் தூக்கவும், குண்டு விழுந்த பாலத்தை மறுபடி நிறுத்தவும் அவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள். ‘கட்டி முடித்தார்கள்’ என்ற இடத்தில் கதையை நிறுத்துகிறவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடுகிறார்கள். அன்றாட ஓட்டமும் ஆள் தின்றது.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் விலை இல்லாமல் தோட்டங்கள் மூடிக்கிடந்த நேரம். மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி என்று சொன்னார்கள். கங்காணி மூலமும் கிராணி மூலமும் பெயர் எடுத்தார்கள்; பெயர் கொடுக்காதவர்களைப் பிடித்துப்போனார்கள். சில லயங்களிலிருந்து மனைவியும் பிள்ளையும் கூடவே போனார்கள். சரக்கு வண்டிகளில் அடைத்து, நாள்கணக்கில் வடக்கே கொண்டுபோய், பன்போங்கிலிருந்து காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஏப்ரலில் ரயிலேற்றப்பட்ட எஃப் ஃபோர்ஸ் என்ற கைதிகள் படையும் அதில் சிதைந்தது. ஆனால் போர்க்கைதிகளுக்குத் தங்கள் மருத்துவர் இருந்தார், அதிகாரி இருந்தார், செத்தவர் பெயரை எழுதிவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத்துத் தமிழருக்கு இவற்றில் எதுவும் இல்லை. மலாயாவிலிருந்து போனவர்களில் பதிவான சாவுகளே முப்பதாயிரத்தை நெருங்குகின்றன, பதிவாகாதவை எத்தனையோ. ஓடிப்போனவர்கள் காட்டில் என்ன ஆனார்கள் என்பதற்குப் பட்டியல் கிடையாது.

இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது என்னை மிகவும் வருத்தியது ஓர் ஒப்பீடு. சி56 இஞ்சின்களின் வரலாறு எண் எண்ணாகக் கிடைக்கிறது. திறப்பு விழாவில் ஓடிய 31ஆம் எண் 1979இல் ஜப்பானுக்குத் திரும்பிக் கொண்டுபோகப்பட்டு தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கிறது. 44ஆம் எண் ஜப்பானின் ஓய்காவா ரயில்பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. தாய்லாந்தில் நின்றுபோன 46 இஞ்சின்களுக்கு 701 முதல் 746 வரை புது எண் கொடுத்து ஓட்டினார்கள். 713உம் 715உம் இன்னும் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இரும்புக்கு இத்தனை துல்லியமான ஏடு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டங்களில் ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருக்கிறது. எரிபெட்டிக்கு விறகு வெட்டியவனின் பெயர், அவன் பிறந்த தோட்டத்தின் பெயர்கூட, பெரும்பாலும் எங்கும் இல்லை.

தமிழ் எழுத்து இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுசெய்திருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் கூலிகளின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. 2023 மே மாதம் காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் ஆலய வளாகத்தில், ஆசியக் கூலிகளின் எலும்புகள் கூட்டமாகப் புதைக்கப்பட்ட இடத்தில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் ஒரு நடுகல் வைக்கப்பட்டது. எண்பது ஆண்டுக்குப் பிறகு.

சிங்கப்பூரில் செய்வதற்கு வேலை இன்னும் இருக்கிறது. தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயிலை அனுப்பிவிட்டு மூடியது. 24 கிலோமீட்டர் பழைய பாதை நடைபாதையாகிவிட்டது. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதன் பலகைகளில் எழுதியிருப்பது நிலையங்களின் கதை. அதே பாதை வழியாகத்தான் 1943இல் வடக்கே ஆள் போனது என்பதையும் அங்கே தமிழில் எழுதலாம். குடும்பங்களிடம் இருக்கும் துணுக்குகளை, பெரியப்பா சயாமுக்குப் போனார் திரும்பவில்லை என்பது போன்ற ஒற்றை வரிகளைக்கூட, ஊர்ப்பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வாங்கலாம். லிட்டில் இந்தியாவில் கேட்டால் இன்றும் அப்படி ஒரு வரி சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். ரயில் இலாகாவின் விறகுக் கணக்கு, சிலிப்பர்க் கணக்கு, கேங் சம்பளப் பட்டியல் ஆகியவற்றை ஆவணக்காப்பகங்களில் தேடிப் படிக்க ரயில்மேல் ஆசை உள்ள தமிழ் இளைஞர்கள் முன்வந்தால், இஞ்சின்களுக்கு இருக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஆட்களுக்கும் ஓர் ஏடு உருவாகும்.

சயாம் பாதையின் பெரும்பகுதியைப் போருக்குப் பிறகு பிடுங்கிவிட்டார்கள். தாய்லாந்து அரசு எடுத்துக்கொண்ட பகுதியில் நாம்தோக் வரை 1958இல் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. இப்போது இழுப்பது டீசல். தாய்லாந்தில் தங்கிவிட்ட சி56 இஞ்சின்கள், போர் முடிந்து பல ஆண்டுகள் வரை, அந்நாட்டுக் காட்டு விறகையே எரித்துக்கொண்டு பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றன.